மேல்மட்டத்துப் பதினொரு பேர்

மார்ச் 3, திங்கள்

மாவட்டக் கல்வி அலுவலரிடமிருந்து, வட்டாரக் கல்வி அலுவலரான எனக்குக் கடிதம். என் வட்டாரத்தில் பத்துப் பிள்ளைகளுக்கும் குறைவாக உள்ள தொடக்கப் பள்ளிகள் ஒன்பது. எதை எதோடு இணைக்கலாம், அடுத்த ஐந்து வருடத்தில் சேர்க்கை எப்படிப் போகும் என்று திட்டம் எழுதி, ஏப்ரல் 28 அன்று நேரில் கொண்டுவர வேண்டுமாம்.

இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. கூடல்மட்டத்தைச் சுற்றியுள்ள எஸ்டேட்டுகளிலிருந்து இருபது வருடமாக ஜனங்கள் மலையிறங்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள். தான் கொழுந்து பறித்ததுபோல் தன் பிள்ளையும் பறிக்கட்டும் என்று எந்தத் தாயும் நினைப்பதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி கூப்பிடுகிறது. தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கிறது. ஒன்பது பள்ளிக்கும் சேர்த்து, கணினிப் பதிவின்படி 58 பிள்ளைகள்.

சாயங்காலம் மாவட்ட அலுவலரே போனில் பேசினார். எட்டு வருடத்துக்கு முன்னால் மேல்மட்டம் பள்ளியை ஆனைக்குழிப் பள்ளியோடு சேர்த்த கோப்பு உங்கள் அலுவலகத்தில் இருக்கும், அதை மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள், சச்சரவே இல்லாமல் முடிந்த வேலை என்றார். உதவியாளர் வின்சென்ட் தேடி எடுத்துக் கொடுத்தார். பதினொரு பிள்ளைகள். பெற்றோர் சம்மதம் இருந்தது. 'பாதையை நேரில் நடந்து பார்த்தேன், சிறுவர் சிறுமியர் தினமும் நடந்து வரத் தகுந்தது' என்று ஆனைக்குழித் தலைமை ஆசிரியை கொடுத்த சான்றும் இருந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. கோப்பை மூடி வைத்தேன்.

குளிருக்கு மாவு பொங்கவில்லை. மூன்றாவது நாளாகத் தோசை.

மார்ச் 5, புதன்

சிலிண்டர் வரவில்லை. கீழே மழையாம், லாரி ஏறவில்லையாம். மின் அடுப்பில் கஞ்சி.

மார்ச் 10, திங்கள்

செந்நாய்மட்டம் பள்ளிக்குப் போனேன். பதிவில் நான்கு பேர். வகுப்பில் ஒரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ரோஷிணி, மூன்றாம் வகுப்பு. மற்ற மூவரும் பொங்கலோடு குடும்பத்தோடு போய்விட்டார்கள். பெயரை நீக்க மனம் வரவில்லை என்று தலைமை ஆசிரியர் அருளானந்தம் சார் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அந்தப் பள்ளியில் அவருக்கு இது இருபத்தோராவது வருடம்.

பள்ளி பளிச்சென்று இருக்கிறது. கரும்பலகை புதுசாகக் கறுப்படித்தது. பூச்செடிகள். அந்தப் பெண் தமிழைத் தண்ணீராக வாசிக்கிறாள், மூன்றிலக்கப் பெருக்கல் போடுகிறாள். நான் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிக் காட்டினாளே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. மதியம் சாப்பிட்டதும் வெளியே போய்ச் சுவரில் பந்தை அடித்து அடித்துப் பிடித்தாள். சமையல் அம்மா பேச்சியம்மாள் பாத்திரம் கழுவி முடித்துவிட்டு வந்து அவளோடு பாண்டி ஆடினார். அவருக்கு மூட்டுவலி. நான்கு கட்டம் தாண்டியதும் உட்கார்ந்துவிட்டார்.

கிளம்பும்போது சார் ஜீப் வரைக்கும் வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டே நின்றவர் கடைசியில் கேட்டார்.

"ஒரு பிள்ளைன்னா அது பிள்ளை இல்லையாங்க மேடம்?"

நல்ல கேள்வி. வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

ஒன்பது தலைமை ஆசிரியர்களையும் கூப்பிட்டுப் பேசினேன். இரண்டு மணி நேரம். எல்லாரும் தூரத்தைச் சொன்னார்கள், சிறுத்தையைச் சொன்னார்கள், யானையைச் சொன்னார்கள். எல்லாம் உண்மை. ஒருவர் மட்டும், ஏப்ரல் முடியும் வரைக்கும் போனவர்கள் பெயரை நீக்காமல் விட்டு, கூட ஒன்றிரண்டு பெயரும் ஏற்றினால் நாலைந்து பள்ளி பத்தைத் தொட்டுவிடும் என்று மெதுவாகச் சொன்னார். சிலர் என் முகத்தைப் பார்த்தார்கள்.

இல்லாத பிள்ளையை வைத்துக்கொண்டு இருக்கிற பிள்ளைக்குத் திட்டம் போட முடியாது, திங்கட்கிழமைக்குள் நீக்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அப்போதே தெரியும், என்னை வைதுகொண்டுதான் மலையேறுவார்கள்.

மார்ச் 17, திங்கள்

நீக்கினார்கள். 58 இப்போது 44.

மார்ச் 20, வியாழன்

நேற்று உடுமலையிலிருந்து என் வீட்டுக்காரர் வந்தார். மின்வாரியத்தில் இந்த மலையில்தான் பதினாறு வருடம் கம்பி இழுத்தவர். ஓய்வு பெற்றபிறகும் எந்தக் கம்பம் எந்தச் சரிவில் நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். மேல்மட்டத்திலிருந்து ஆனைக்குழிக்கு நடக்கப் போகிறேன், துணைக்கு வாருங்கள் என்றேன். எதற்கென்று கேட்கவில்லை. குடையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டார்.

கோப்பில் இரண்டு கிலோமீட்டர் என்று இருக்கிறது. அவருடைய கைப்பேசி மூன்று புள்ளி ஆறு காட்டியது. தேயிலைக்குள் போகும் வரைக்கும் நல்ல பாதை. அதன்பிறகு சோலைக்காடு. ஓடையைத் தாண்ட இரண்டு மரத்தடி போட்டிருக்கிறார்கள், பாசி பிடித்துக் கிடக்கிறது. மழைக்காலத்தில் அது தண்ணீருக்கு அடியில் இருக்குமாம். ஏற்றத்தில் காட்டெருமைச் சாணம், ஈரம் காயாதது. ஒரு மணி இருபது நிமிடம் ஆயிற்று. நான்கு இடத்தில் உட்கார்ந்தேன்.

மூன்றாவது தடவை உட்கார்ந்தபோது அவர் கேட்டார்.

"ஏங் கலா, ஆனைக்குழியில நாலு வருஷம் ஹெட்மிஸ்ட்ரஸா இருந்தியே. இந்த வழியா நீ வந்ததே இல்லையா?"

எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

மார்ச் 21, வெள்ளி

கால் வீக்கம். வெந்நீரில் உப்புப் போட்டு வைத்துக்கொண்டேன். ஒன்பது பள்ளிக்கும் இதேபோல் நடந்துவிடுவது என்று முடிவு செய்தேன். வாரத்துக்கு இரண்டு. அவர் மலையிலேயே தங்குகிறேன் என்கிறார்.

மார்ச் 25, செவ்வாய்

அந்தப் பதினொரு பிள்ளைகளும் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்துத் தாருங்கள் என்று வின்சென்டிடம் சொன்னேன். எதற்கு மேடம் என்றார். மாதிரிக் கோப்பு என்கிறார்களே, மாதிரி எப்படி முடிந்தது என்று தெரிய வேண்டாமா என்றேன். எட்டு வருடத்தில் யாரும் இதைக் கேட்டதில்லையாம். ஆனைக்குழியில் பழைய வருகைப் பதிவேடு கரையான் அரித்ததுபோக மிச்சம் இருக்கிறது.

மார்ச் 29, சனி

வெள்ளைப்பாறைப் பள்ளியிலிருந்து கூடல்மட்டத்து ஊர்ப்பள்ளிக்கு நடந்தோம். இரண்டு புள்ளி இரண்டு. தார்ச்சாலை. எஸ்டேட் ஜீப் காலையில் அதே வழியாகக் காலியாகத் திரும்புகிறது என்று அவர்தான் கவனித்தார். மேலாளரைப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 2, புதன்

வின்சென்ட் பட்டியலோடு வந்தார். பதினொரு பேரில் மூன்று பேர் ஆனைக்குழியில் எட்டாம் வகுப்பு வரை படித்து முடித்தார்கள். நான்கு பேர் அந்த வருடமே குடும்பத்தோடு திருப்பூர். இரண்டு பேரைக் கீழே விடுதியில் சேர்த்தார்கள். இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். கோப்பின் கடைசித் தாளில் 'பதினொரு மாணவர்களும் சேர்க்கப்பட்டனர்' என்று இருக்கிறது. அதுவும் பொய்யில்லை. சேர்க்கைப் பதிவேட்டில் பதினொரு பெயரும் இருக்கிறது.

நின்றுபோன இரண்டு பேரில் ஒருவன் ஈரோட்டுப் பக்கம் கோழிக்கடையில் இருக்கிறானாம். இன்னொருத்தி கௌசல்யா. மேல்மட்டத்திலேயே கொழுந்து பறிக்கிறாள். எடை போடுகிற இடத்துக்குப் போய் நின்றேன். நான் கேட்பதற்குள் அவளே வந்துவிட்டாள். பதினெட்டு வயது. தலையில் சாக்கை மடித்துப் போட்ட கொங்காடி. "டீச்சர்" என்றாள். அடையாளம் தெரிந்துகொண்டாள்.

ஏன் படிப்பை விட்டாய் என்று கேட்டேன். ஓடையில் தண்ணீர் என்றாள். அம்மாவுக்கு வேலைக்கு நேரமாகிவிடும், கூட வர ஆளில்லை என்றாள். குறையாக ஒன்றும் சொல்லவில்லை. ஊர்க்கதை சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே வந்து, பையைத் தராசில் மாட்டிவிட்டுத் திரும்பினாள்.

"முதல் வாரம் நீங்களே மேல்மட்டத்துக்கு வந்து எங்களைக் கூட்டிட்டுப் போறேன்னு மீட்டிங்ல சொன்னீங்க டீச்சர். தலை சீவிப் பூ வச்சுக்கிட்டு வாசல்ல நின்னோம். மூணு நாள் பார்த்தோம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் பை பதினாறு கிலோ காட்டியது.

ஏப்ரல் 3, வியாழன்

அந்தப் பாதைச் சான்றில் இருப்பது என் கையெழுத்துதான்.

ஏப்ரல் 5, சனி

அவரிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கத்தியை நிறுத்தாமல், "காட்டுக்குள்ள உட்கார்ந்தப்பவே தெரிஞ்சுதே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, இனி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். திட்டத்தை முடிக்கப் போகிறேன் என்றேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஐந்து வருடக் கணிப்புக்கு எல்லாரும் ஒரு வழிதான் வைத்திருக்கிறார்கள். போன ஐந்து வருடம் எவ்வளவு குறைந்ததோ, அதே வேகத்தில் கோடு இழுத்துக்கொண்டு போவது. அப்படி இழுத்தால் ஒன்பது பள்ளியும் மூன்று வருடத்தில் பூஜ்ஜியம்.

இன்றைக்குச் சுகாதார நிலையத்துக்குப் போய், கிராமச் செவிலியர் பிலோமினாவிடம் தடுப்பூசிப் பதிவேட்டைக் கேட்டேன். பிறந்த பிள்ளைகளை எண்ணினால் வரப்போகிற பிள்ளைகள் தெரியும் அல்லவா. அவர் இரண்டு நோட்டு எடுத்து வைத்தார். ஒன்றில் நம் ஊர்ப் பெயர்கள், கொஞ்சம்தான். இரண்டாவது தடிமனாக இருந்தது. சோம்வாரி, பிர்சா, புத்னி, அனூப். ஜார்க்கண்டிலிருந்து வந்து வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள்.

ஒன்பது பள்ளிகளின் எல்லைக்குள் ஐந்திலிருந்து பத்து வயதுக்குள் எத்தனை பேர் என்று உட்கார்ந்து எண்ணினோம். 37. ஒருவர்கூட எங்கள் பதிவில் இல்லை.

பிலோமினா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "நான் வீடு வீடா போய் ஊசி போட்டுட்டு வர்றேன். உங்க ஆளுங்க யாரும் அந்த லயன் பக்கம் வந்து நான் பார்த்ததில்லைங்க மேடம்."

சீசன் முடிந்தால் போய்விடுவார்கள் என்று தலைமை ஆசிரியர்கள் சொல்வார்கள். நோட்டில் ஒரு குடும்பத்துக்கு மூன்று பிள்ளைகள், மூன்றுக்கும் பிறந்ததிலிருந்து ஊசி இங்கேதான். ஆறு வருடமாகப் போகாதவர்கள்.

ஏப்ரல் 9, புதன்

மழை. போர்வை காயவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

மொழிதான் தடை. எனக்கு இந்தி எழுத்துக்கூடத் தெரியாது. மேல்மட்டத்தில் யாரிடம் கேட்டாலும் கௌசல்யாவைக் கூப்பிடுங்கள் என்கிறார்கள். ஜார்க்கண்ட் ஆட்களோடு ஐந்து வருடமாக ஒரே நிரையில் கொழுந்து பறிக்கிறாள், அவர்கள் பேச்சு அவளுக்கு வந்துவிட்டது. லீவு நாளில் வருவாளா என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

மூன்று லயன் ஏறி இறங்கினோம். முதல் வீட்டில் கதவைத் திறக்கவே பயந்தார்கள். ஆளைக் கணக்கெடுத்துத் துரத்த வந்திருக்கிறோம் என்று நினைத்தார்களாம். கௌசல்யா வாசலில் உட்கார்ந்து அவர்களோடு அரட்டை அடித்தாள். தேநீர் வந்தது. சோம்வாரி என்கிற பெண்ணுக்கு எட்டு வயது, தம்பியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். பள்ளிக்கூடம் போகிறாயா என்று கௌசல்யா கேட்டதும் அவள் தம்பியை இறக்கி அம்மா மடியில் வைத்துவிட்டு, இப்போதேவா என்று கேட்டாள். அவள் அம்மா சிரித்தார். ஆனால் தம்பியை யார் பார்ப்பது என்பதுதான் அங்கே பிரச்சினை. எஸ்டேட் பிள்ளைக்காப்பகம் எட்டரைக்குத்தான் திறக்கிறது. ஏழரைக்கே வேலை தொடங்கிவிடுகிறது. அதையும் எழுதிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது, நீ படிக்கிறாயா, எட்டாவது தனித்தேர்வு நேராகவே எழுதலாம் என்று கௌசல்யாவிடம் சொன்னேன். எனக்கு அதெல்லாம் வேண்டாம் டீச்சர், வேலைக்குக் கெடுதல் என்றாள். வற்புறுத்துகிற உரிமை எனக்கில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

எஸ்டேட் மேலாளரைப் பார்த்தேன். மலையாளி, சின்ன வயது. காப்பகத்தை ஏழுக்குத் திறந்தால் உங்களுக்குத்தான் ஆள் வரத்து சீராகும் என்று அவர் பக்கத்து நியாயத்தைச் சொன்னேன். யோசித்தார். காலியாகத் திரும்புகிற ஜீப்பைப் பிள்ளைகளுக்கு விடவும் ஒத்துக்கொண்டார். எழுத்தில் கேட்டேன். தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்றார். இருக்கிறேன், கேட்டுச் சொல்லுங்கள் என்று அங்கேயே உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரத்தில் கடிதம் வந்தது.

ஏப்ரல் 22, செவ்வாய்

கடைசிப் பாதையும் நடந்து முடித்தாயிற்று. அவர் சமையலறைத் தரையில் சார்ட் தாளை விரித்துப் பாதைகளை வரைகிறார். சிவப்பு என்றால் பிள்ளைகள் நடக்கக் கூடாது. மூன்று சிவப்பு.

முடிவு இதுதான். ஐந்து பள்ளிகளை மூடலாம். தார்ச்சாலை இருக்கிறது, ஜீப் இருக்கிறது, பிள்ளைகளும் நிஜமாகவே இல்லை. நான்கை மூடக் கூடாது. அந்த நான்கிலும் ஜார்க்கண்ட் பிள்ளைகள் சேர்ந்தால் எண்ணிக்கை பத்தைத் தாண்டும், பாதையும் சிவப்பு அல்லது பாதிச் சிவப்பு.

செந்நாய்மட்டம் மூடுகிற பட்டியலில் இருக்கிறது. நான்கு தடவை கணக்குப் பார்த்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

அருளானந்தம் சாருக்குக் கடிதம் போவதற்கு முன்னால் நானே போய்ச் சொல்லிவிடுவது என்று போனேன். நின்றபடியே கேட்டார். கண் கலங்கியது. தனக்காகக் கேட்கவில்லை என்றார். அதை நான் நம்புகிறேன். இவ்வளவு நன்றாகப் படிக்கிற பெண்ணை வேறு எந்தப் பள்ளியில் இப்படிப் பார்ப்பார்கள் என்றார். அதையும் நம்புகிறேன்.

அன்றைக்குக் கேட்டீர்களே, ஒரு பிள்ளை பிள்ளை இல்லையா என்று, அதற்குப் பதில் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன் என்று சொன்னேன். ரோஷிணி வெளியே பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு நல்ல வாத்தியார் இருக்கார் சார். சண்டை போட ஒரு ஆள் இல்லை."

அவர் ஜன்னலுக்குப் போய் அவளைப் பார்த்தார். பிறகு, அவளைச் சேர்க்கிற பள்ளிக்கே தன்னையும் மாற்றிவிட முடியுமா என்று கேட்டார். ஏற்கெனவே அப்படித்தான் எழுதியிருந்தேன்.

ஏப்ரல் 28, திங்கள்

மாவட்ட அலுவலகம். பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள்.

கல்வி அலுவலர் மோசமான மனிதர் இல்லை. அவருக்கு மேலே இருந்து அவரைக் குடைகிறார்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார், இரண்டு இணைப்புகள் தவிர ஒரு பக்கம்தான் கொண்டுபோனேன். பெரிய தாள். அதில் 44 பிள்ளைகளின் பெயர், 37 பிள்ளைகளின் பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஜூனில் எந்தப் பள்ளி, எந்த வழி, யாரோடு, எத்தனை நிமிடம். பின்பக்கம் என் வீட்டுக்காரர் போட்ட வரைபடம்.

எண்ணிக்கை மட்டும் போதும் கலாமணி மேடம், பெயரெல்லாம் எதற்கு என்றார். ஒன்பதையும் இணைத்துவிடலாம் என்றுதான் மேலே எதிர்பார்க்கிறார்கள், மேல்மட்டத்தில் பதினொரு பேரைப் பிரச்சினையில்லாமல் மாற்றவில்லையா என்றார். மாதிரியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

பார்த்தேன் என்றேன். பதினொரு பேரும் என்ன ஆனார்கள் என்று வரிசையாகச் சொன்னேன். பிறகு இதைச் சொன்னேன்.

"அந்தப் பாதைச் சான்று நான் கொடுத்ததுங்க சார். நான் அந்தப் பாதையில நடக்கல. அடுத்த வாரம் பதவி உயர்வுக் கலந்தாய்வு இருந்துச்சு, கோப்பு சுணங்கினா என் பேர் கெடும்னு உட்கார்ந்த இடத்துல எழுதிக் கொடுத்தேன்."

அவர் பேனாவை மூடினார்.

"இதை இப்ப எதுக்குச் சொல்றீங்க? எட்டு வருஷம் ஆச்சு."

"அதே மாதிரி இன்னும் ஒன்பது எழுதச் சொல்றீங்களே சார்."

வாய்ப்பேச்சாகவே இருக்கட்டும், நான் கேட்டதாக வைத்துக்கொள்ளவில்லை என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எழுத்திலேயே இணைத்திருக்கிறேன், இரண்டாவது இணைப்பு என்றேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். அதன்பிறகு முதல் தாளை எடுத்துப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார். சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. புத்னி என்றால் பெண்ணா பையனா என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.



மே 6, செவ்வாய்

அவர் உடுமலைக்குப் போனார். வீட்டைப் பார்க்க வேண்டும், தென்னைக்குத் தண்ணீர் விட வேண்டும். குவார்ட்டர்ஸ் காலியாக இருக்கிறது. அலமாரியைத் துடைத்து அடுக்கினேன்.

மே 16, வெள்ளி

இரண்டு உறைகள் ஒரே தபாலில்.

முதலாவது ஆணை. ஐந்து பள்ளிகள் இணைப்பு. நான்கு பள்ளிகள் 'ஓராண்டுக்கு மட்டும்' தொடரலாம், அடுத்த ஜூனில் மறு ஆய்வு. இரண்டாவது எனக்கு. எட்டு வருடத்துக்கு முந்தைய தவறான சான்று குறித்துப் பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும், முடிவு வரும் வரை பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் நிறுத்தி வைக்கப்படுகிறது.

வின்சென்ட் வருத்தப்பட்டார். விளக்கம் எழுத என்ன இருக்கிறது, அரைப் பக்கம் போதும் என்றேன். மத்தியானமே எழுதி அனுப்பிவிட்டேன். அதன்பிறகு வழக்கமான வேலை, பாடநூல் தேவைப்பட்டியல்.

மே 22, வியாழன்

கௌசல்யா அலுவலகத்துக்கு வந்தாள். மேசைக்கு எதிரே உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. நின்றுகொண்டே, அந்த எட்டாவது தேர்வில் கணக்குக் கஷ்டமாக இருக்குமா என்று கேட்டாள். இருக்கும், நான் சொல்லித் தருகிறேன் என்றேன். சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன், வராவிட்டால் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் இருப்பேன் என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறப்பு. விடாத மழை. ஆறே முக்காலுக்கே செந்நாய்மட்டத்தில் நின்றேன். ஜீப் ஏழே முக்காலுக்கு வந்தது. ரோஷிணி சாரின் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை. வழியில் வெள்ளைப்பாறைப் பிள்ளைகள் நாலு பேர் ஏறினார்கள், ஈரத்தோடு அவள்மேல் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இறங்கும் வரைக்கும் அவள் கண்ணைத் திறக்கவில்லை.

ஜார்க்கண்ட் பிள்ளைகள் 37 பேரில் 22 பேர்தான் வந்தார்கள். ஐந்து குடும்பம் மே மாதம் ஊருக்குப் போனது, திரும்பவில்லை. மற்றவர்களை நாளைக்குப் போய்க் கூப்பிட வேண்டும். சோம்வாரி வந்தாள். தம்பி காப்பகத்தில். ஏழுக்கே திறந்துவிட்டார்கள்.

ஜூன் 3, செவ்வாய்

ஜீப். இன்றும் நானும் ஏறிப் போனேன். இரண்டு பேர் கூடினார்கள்.

ஜூன் 4, புதன்

ஜீப். காலில் அட்டை ஏழு. அட்டைக்குத் தடவுகிற சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

ஜீப் வெள்ளைப்பாறையைத் தாண்டவில்லை, வழியில் மரம் விழுந்துவிட்டது. அங்கேயிருந்து பிள்ளைகளோடு நடந்தேன். தார்ச்சாலைதான். நாற்பது நிமிடம். ரோஷிணி என் குடைக்குள் வந்தாள். பாதி வழியில் வேறு குடைக்குப் போய்விட்டாள்.

ஜூன் 6, வெள்ளி

ஜீப். வாரம் முடிந்தது. இன்றைக்கு ஊர்ப்பள்ளி ஆசிரியை என்னிடம் புகார் சொன்னார். புதுசாக வந்த நான்காம் வகுப்புப் பெண் வெள்ளைப்பாறைப் பெண் ஒருத்தியின் பின்னலைப் பிடித்து இழுத்துவிட்டாளாம். அவளும் திருப்பிக் கிள்ளினாளாம். இரண்டு பேரையும் பிரித்து உட்கார வைத்தால், அங்கேயிருந்து இங்கே கத்திப் பேசுகிறார்களாம். அருளானந்தம் சார் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கரும்பலகையைத் துடைக்கப் போனார்.

ஜூன் 12, வியாழன்

சனிக்கிழமை கௌசல்யா வந்தாள். பின்னம் கூட்டல் வரவில்லை. இரண்டு மணி நேரம். நேற்றும் வந்தாள்.

ஜூன் 17, செவ்வாய்

மேல்மட்டத்துக்குக் கீழேயுள்ள பள்ளிக்குப் போனேன். ஓராண்டு கெடு உள்ள நான்கில் ஒன்று. இன்றைய வருகை பதினாறு. தலைமை ஆசிரியை தமிழில் 'அ' எழுதினால், அவர்கள் மொழியில் அதில் தொடங்குகிற சொல்லைப் பிள்ளைகள் கத்துகிறார்கள். ஆசிரியை அதையும் எழுதி வைத்துக்கொள்கிறார்.

மதியம் ஜார்க்கண்ட் பெண் ஒருத்தி கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு மழையில் வந்தாள். இன்னொன்று மூன்று வயதுப் பெண், அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதைச் சேர்க்க வேண்டுமாம். கௌசல்யாவுக்கு இன்று அரை நாள் வேலை, என்னோடுதான் இருந்தாள். இன்னும் இரண்டு வருடம் ஆக வேண்டும் என்று அவள் எடுத்துச் சொன்னாள். அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் போகவில்லை. ஏதோ கேட்டாள். கௌசல்யா என் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு வருஷம் கழிச்சு இந்தப் பள்ளிக்கூடம் இருக்குமான்னு கேக்கறாங்க டீச்சர்."

ஆணையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இந்த மலையில் ஒரு கூட்டத்தில் நான் சொன்ன வார்த்தை ஒன்று என்ன ஆயிற்று என்பதும் தெரியும். அதனால் அவளுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லச் சொன்னேன். ஒரு வருடத்துக்குத்தான் அனுமதி. அடுத்த ஜூனில் மறுபடியும் கேட்பார்கள். பிள்ளைகள் பெயரைக் காட்டினால் தொடர்வார்கள், காட்டாவிட்டால் மூடுவார்கள். காட்ட வேண்டியது என் வேலை.

ஆசிரியையிடம் புது நோட்டு ஒன்று வாங்கி, மேலே ஜூன் 2027 என்று போட்டேன். குழந்தையின் பெயர் கேட்டேன். சுனைனா. பிறந்த தேதி தெரியவில்லை, பிலோமினாவிடம் இருக்கும்.

நான் நோட்டை மூடப் போனேன். அந்தப் பெண் என் கையைத் தொட்டு நிறுத்தினாள். முதுகுப் பிள்ளையைக் காட்டி ஒரு பெயர் சொன்னாள். பிறகு அடுத்த வீட்டுப் பிள்ளை, அதற்கடுத்த வீட்டுப் பிள்ளைகள் என்று விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே போனாள். கௌசல்யா ஒவ்வொன்றையும் எழுத்துக் கூட்டிச் சொன்னாள். ஒரு பக்கம் நிறைந்து, தாளைத் திருப்பி எழுதினேன்.